காற்றுக்கு முகம், துப்பாக்கிக்குப் பக்கம்: ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் களத்தில் தேடும் முறை

#1 தடம்தேடி

வேலைக்கென்றே வளர்க்கப்படும் இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். பிரிட்டனில் எடுத்த காணொளிகளைப் பாருங்கள்: வெள்ளையும் ஈரல் நிறமும் கலந்த நாய் ஒன்று பெரணிக்குள் இடமும் வலமும் பாய்கிறது, ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவை சடசடவென்று எழுகிறது, நாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஓட்டத்துக்குள் என்ன கணக்கு இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. நாய் எவ்வளவு தூரம் போகலாம், ஏன் அந்தத் தூரம்? காற்று பின்னாலிருந்து வீசும்போது நல்ல நாய்கூட நேராக முன்னே ஓடிப்போய்த் திரும்பி நம்மை நோக்கி வருகிறதே, அது சரியா தவறா? பறவை எழுந்ததும் உட்காரும் பழக்கத்தை, தேடும் ஆர்வம் குறையாமல் எப்படிக் கொண்டுவருவது? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 வேலியோரம்

தூரத்தில் ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

பாயின்டர், செட்டர் வகை வேட்டைநாய்கள் பறவை இருக்கும் இடம் தெரிந்ததும் அசையாமல் நின்று காட்டும். 200 கஜம் தள்ளி நின்றாலும் குற்றமில்லை, ஆள் நடந்து போய்ச் சேரும்வரை நிற்கும். ஸ்பேனியல் நிற்காது. மோப்பம் கிடைத்த மறு நொடி உள்ளே பாய்ந்து கிளப்பிவிடும். அதனால் அது கிளப்புகிற இடமே சுடும் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். சிறுகுண்டுத் துப்பாக்கியை நம்பிச் சுடக்கூடிய தூரம் 35, மிஞ்சினால் 40 கஜம். பறவை எழுந்து, சுடுகிறவர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, நாய்க்கு ஆபத்தில்லாத உயரத்துக்குப் பறவை வருவதற்குள் அது இன்னும் 10, 15 கஜம் போயிருக்கும். நாற்பதில் பதினைந்தைக் கழியுங்கள். மிஞ்சுவது 25. நாய் முன்னால் 15 முதல் 20 கஜம், பக்கவாட்டில் இரண்டு புறமும் 20 முதல் 25 கஜம் என்ற அளவு இப்படித்தான் வந்தது. இதற்கு வெளியே அது எவ்வளவு நேர்த்தியாக ஓடினாலும் கிளப்பிய பறவை யாருக்கும் ஆகாது.

இனி காற்று. குறுக்கும் நெடுக்கும் ஓடித் தேடுவதைக் குவார்ட்டரிங் என்கிறோம். நாய் என்ன வரைகிறது என்பதைத் தீர்மானிப்பது காற்று.

எதிர்காற்றில்தான் எல்லாம் எளிது. நாய் உங்கள் முன்னால் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஏறக்குறைய நேர்க்கோட்டில் ஓடும். ஓரத்துக்குப் போனதும் காற்றுப் பக்கமாக, அதாவது முன்பக்கமாகத் திரும்ப வேண்டும். அடுத்த ஓட்டம் முந்தியதைவிட 5 முதல் 8 கஜம் முன்னால் விழ வேண்டும். பின்பக்கமாகத் திரும்பினால் தேடின தரையையே மறுபடி தேடுகிறது என்று பொருள். மோப்பம் நன்றாக நிற்கிற நாளில் அந்த இடைவெளி கூடினாலும் பரவாயில்லை. வறண்ட நாளில் நல்ல நாய் தானாகவே இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளும். அனுபவப்பட்ட நாய்க்கும் புது நாய்க்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

பக்கக்காற்றில் இந்த வரைபடமே சாய்ந்துவிடும். காற்று இடப்பக்கமிருந்து வருகிறது என்று வையுங்கள். நாய் காற்றுக்குக் குறுக்கே ஓட விரும்பும். காற்றுக்குக் குறுக்கு என்றால் அப்போது நீங்கள் நடக்கும் திசைதான். ஆகவே முன்னும் பின்னுமாக நீண்ட வளையங்கள் போட்டுக்கொண்டு வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக ஏறும். இடக்கோடி வந்ததும் அதை மறுபடி வலக்கோடிக்கு அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு. அனுப்பாவிட்டால் வலப்பக்கத்தில் ஒரு முக்கோணம் தேடப்படாமல் கிடக்கும், ஆள் கடந்து போன பிறகு பறவை அங்கிருந்து எழும்.

பின்காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேராக முன்னே போய்த் திரும்பி வருவது தவறே அல்ல, அதுதான் முறை. மூக்குக்குக் காற்று வர வேண்டுமென்றால் அது நம்மைப் பார்த்துத் தேடியாக வேண்டும். 25, 30 கஜம் வெளியே போய், அங்கிருந்து வளைந்து வளைந்து நம் காலடி வரைக்கும் தேடிக்கொண்டு வரும். அது வரும்வரை நீங்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை இது: நாய் வெளியே போகும்போதே கூடவே நடந்துவிடுகிறார்கள், தேடாத தரையை மிதித்துவிடுகிறார்கள். நாய் வந்து சேர்ந்ததும் தேடி முடித்த தரையைத் தாண்டி நடந்து போய் அங்கிருந்து மறுபடி அனுப்புங்கள்.

பின்காற்றில் இன்னொன்று. பறவை நாய்க்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பல சமயம் தலைக்கு மேலே பின்னோக்கிப் பறக்கும். இரண்டு பக்கமும் நடக்கிற துப்பாக்கிக்காரர்களுக்கு இதை முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். யாருக்கும் குறுக்கே துப்பாக்கியைச் சுழற்றக் கூடாது.

#3 ஈரமண்

வேலியோரம் சொன்னதோடு மோப்பத்தைப் பற்றியும் சேர்க்க வேண்டும். காற்று எப்படி வீசினாலும் தரையில் மோப்பம் இல்லாத நாள் என்று ஒன்று உண்டு.

லேசான ஈரம், மிதமான குளிர், மெல்லிய சீரான காற்று இருந்தால் நாய் பறவையைப் பல கஜம் தள்ளியே பிடிக்கும். வெயிலில் காய்ந்த தரை, சுழன்றடிக்கும் புயல்காற்று, கொட்டும் மழை மூன்றிலும் மூக்கு எட்டும் தூரம் சுருங்கிவிடும். அன்றைக்கு நாய் பறவையைத் தாண்டிப் போனால் உடனே மூக்கு சரியில்லை என்று முடிவு கட்டக் கூடாது. நடையைப் பாதியாகக் குறையுங்கள், அகலத்தை 15 கஜமாக்குங்கள்.

நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது மோப்பம் குறைவாகவே பிடிக்கும். மூச்சைக் குளிர்ச்சிக்குச் செலவழிக்கிறது, மூக்குக்கு மிச்சமில்லை. 15, 20 நிமிடம் அடர்ந்த புதரில் வேலை செய்த நாயை உட்காரவைத்து, நாலைந்து வாய் தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கிய பிறகு விட்டால், முன்பு தவறவிட்ட இடத்திலேயே பறவையைக் கண்டுபிடிப்பதைப் பார்க்கலாம்.

வாலைக் கவனியுங்கள். வெறுமனே தேடும்போது வால் ஒரே சீராக ஆடும். மோப்பம் பட்ட நொடியில் வீச்சு குறைந்து வேகம் இரட்டிப்பாகும், சில நாய்களுக்கு உடம்பின் பின்பாதியே நடுங்கும். தலை ஒரு பக்கமாக வெட்டித் திரும்பும். முன்தோள் தாழும். ஓடிக்கொண்டிருந்த கோட்டை விட்டு ஒரே மடக்கில் உள்ளே குத்திக்கொண்டு போகும். வால் மாறியதற்கும் பறவை எழுவதற்கும் இடையில் இரண்டு மூன்று நொடிதான். விசில் வாயில் இருக்க வேண்டியதும் துப்பாக்கிக்காரர் நின்றுவிட வேண்டியதும் அப்போதுதான்.

#4 நீள்காது

பின்காற்று விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். நாய் ஒவ்வொரு ஓரத்துக்கும் போனதும் இரண்டு சிறு விசில் ஊதித் திருப்ப வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எப்போதுமே ஊத வேண்டுமா? ஊதாவிட்டால் அகலம் கூடிக்கொண்டே போகிறதே.

#5 ஒற்றைவிசில்

எப்போதும் ஊதினால் நாய் தேடுவதை விட்டுவிட்டு விசிலுக்காகக் காத்திருக்கும். திரும்பும் விசிலைக் கேட்காமலேயே திரும்பும் நாயைத்தான் உருவாக்க வேண்டும். அதற்குக் குட்டிக்கு ஒரு நம்பிக்கை ஊறியிருக்க வேண்டும்: கிடைப்பதெல்லாம் ஆளுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும் என்று.

குட்டிக்கு ஐந்தாறு மாதத்தில் தொடங்கலாம். கணுக்கால் உயரப் புல் போதும். காற்று முகத்தில் படும்படி நில்லுங்கள். நீங்களே வளைந்து வளைந்து நடங்கள்: பத்தடி இடம், பத்தடி வலம். நீங்கள் திரும்பும் பக்கத்துக்குக் குட்டி தானாகத் திரும்பும். அது திரும்ப ஆரம்பிக்கும் அதே கணத்தில் இரண்டு சிறு விசில். திரும்பாத குட்டியைத் திருப்புவதற்கு இந்தக் கட்டத்தில் விசிலைப் பயன்படுத்தாதீர்கள். முதலில் செயல் இருக்கட்டும், சத்தம் அதோடு ஒட்டிக்கொள்ளட்டும்.

அடுத்து, ஒரு டென்னிஸ் பந்தைக் குட்டி எதிர்ப்பக்கம் ஓடும்போது உங்கள் காலுக்கு ஐந்தாறு கஜத்தில் புல்லுக்குள் நழுவவிடுங்கள். குட்டி அந்தப் பக்கம் வரும்போது காற்று அதை மூக்குக்குக் கொண்டுவரும். ஒரு பாடத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். பாடம் 10 நிமிடம். பந்தைத் தூர எறிந்து ஓடவிட்டு விளையாடினால் தூரத்தில்தான் சுகம் இருக்கிறது என்று குட்டி முடிவு செய்துவிடும், பிறகு அகலத்தை அடக்கப் படாதபாடு படவேண்டியிருக்கும்.

அகலம் கூடுவதற்கு வேறு காரணமும் உண்டு. மொட்டைத் தரை. ஒன்றுமில்லாத புல்வெளியில் நாய் வெறுமனே ஓடப் பழகும், தேடப் பழகாது. அடிப்படை பிடிபட்டதும் திட்டுத்திட்டாகப் புதர் இருக்கிற இடத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு திட்டும் நாயை இழுத்து நிறுத்தும், ஓட்டம் தானாகச் சுருங்கும்.

விசில் வாங்கும்போது சுருதி எண் பார்த்து வாங்குங்கள். ஸ்பேனியல் ஆட்கள் பெரும்பாலும் அக்மே 210½ வைத்திருப்பார்கள். தொலைந்துபோனாலும் அதே எண்ணில் வாங்கினால் அதே சுருதி கிடைக்கும், நாய்க்குக் குழப்பம் இல்லை.

#6 முட்புதர்

உட்காரும் விசிலையும் நீங்களே எழுதிவிடுங்கள், ஒற்றைவிசில். தடம்தேடியின் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

#7 ஒற்றைவிசில்

சரி. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹப்’ என்பார்கள். வாய்ச்சொல், உயர்த்திய கை, ஒரு நீண்ட விசில் மூன்றுக்கும் ஒரே பொருள்: இருந்த இடத்தில் உட்கார்.

சாப்பாட்டுத் தட்டோடு ஆரம்பம். தட்டைத் தூக்கியபடி கையை உயர்த்துங்கள், குட்டி உட்காரும், உட்கார்ந்ததும் விசில், தட்டு கீழே. ஒரு வாரத்தில் விசில் மட்டும் போதும் என்றாகிவிடும். பிறகு பக்கத்தில் நடக்கும்போது, பிறகு 5 கஜம் தள்ளிச் சும்மா திரியும்போது, பிறகு உங்களை நோக்கி ஓடி வரும்போது. இவை நூற்றுக்கு நூறு ஆன பிறகுதான் தேடும்போது நிறுத்துவது.

அதன் மேல் ஆசைகாட்டலை ஏற்றுங்கள். நாயை உட்காரவைத்து டம்மியை (பறவைக்குப் பதிலாக எறியும் பயிற்சிப் பொதி) அதற்குப் பின்பக்கம் எறியுங்கள். நீங்களே நடந்து போய் எடுங்கள். நான்கில் மூன்றை நீங்கள் எடுங்கள், ஒன்றுக்கு மட்டும் நாயை அனுப்புங்கள். எறிந்ததெல்லாம் தனக்கல்ல என்பது பதிந்த பிறகு, தேடிக்கொண்டிருக்கும் நாயின் முன்னால் பந்து விழட்டும், கூடவே விசில். கடைசியில் பந்து விழுவதே விசிலாகிவிடும், சொல்லாமலே உட்காரும். பறவை எழுவதும் முயல் பாய்வதும் அதே போல ஆக வேண்டும். முயல்தான் கடினம், மூக்குக்கு முன்னாலேயே தரையில் ஓடுகிறது அல்லவா. வேலி அடைத்த முயல் பட்டியில் நீளக் கயிறோடு சில பாடம் கொடுத்த பிறகே திறந்த வெளி.

துப்பாக்கிச் சத்தம் தனிப் பாடம். முதலில் 100 கஜத்துக்கு அப்பால், நாய் ஆர்வமாக வேறு வேலையில் இருக்கும்போது. மிரட்சி துளியும் இல்லையென்று தெரிந்த பிறகு நாள் கணக்கில் மெல்ல மெல்ல நெருங்குங்கள். சத்தத்துக்கு ஒருமுறை பயந்த ஸ்பேனியலை மீட்பது மிகக் கடினம்.

ஆர்வம் குறைவது ஏன்? ஒரே பாடத்தில் எட்டு, பத்து முறை நிறுத்தினால் நாய் ஆளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், ஒரே திட்டில் மூக்கை வைத்துக்கொண்டு நேரம் கடத்தும். அப்படி ஆகிவிட்டால் இரண்டு வாரம் விசிலை மறந்துவிட்டு முயல் வாடை நிறைந்த புதரில் சும்மா தேடவிடுங்கள். ஆர்வம் திரும்பியதும் ஒரு பாடத்துக்கு இரண்டே நிறுத்தம்.

#8 முட்புதர்

கிளப்பும் விதத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஸ்பிரிங்கர் என்ற பெயரே பதுங்கியிருக்கும் இரையைத் துள்ளி எழவைப்பது என்ற பொருளில் வந்தது. துப்பாக்கி வருவதற்கு முன்பே, வலைக்கும் பழக்கிய வல்லூறுக்கும் இரையை எழுப்பிக் கொடுத்தது இந்த வகை நாய்தான்.

நல்ல கிளப்பல் துணிச்சலானது. மோப்பம் உறுதியானதும் தயங்காமல் உள்ளே. ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடத்தான் விரும்பும். நாய் ஒரு நொடி தயங்கினாலும் அது புதரின் மறுபக்கம் போய் 30 கஜம் ஓடி எழும். நாய் பாய்ந்து வந்தால்தான் அதற்குச் சிறகை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போகும். தயங்கி நின்று முறைத்துப் பார்க்கும் ஸ்பேனியல், பறவை இருப்பது தெரிந்தும் விலகிப் போகும் ஸ்பேனியல் இரண்டுமே பெரும்பாலும் மனிதர் கெடுத்தவை. பறவை எழும் நேரத்தில் கத்தி அதட்டப்பட்ட நாய், தொல்லை எல்லாம் பறவையிடமிருந்து வருகிறது என்று கற்றுக்கொள்கிறது.

மறுபக்கம், துணிச்சலான நாய் சில சமயம் எழாத பறவையைக் கவ்வியே விடும். நனைந்து கனத்த சிறகோடு அடர்ந்த முள்ளுக்குள் மாட்டிய பறவைக்கு எழ இடமிருக்காது. அதட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்து நடந்தால் மட்டும் அந்த இடத்தை விட்டு மாற்றுங்கள்.

உட்காருவது அலங்காரத்துக்கு அல்ல. தாழ்வாக எழும் பறவையைத் துரத்தும் நாய் குண்டின் பாதையில் இருக்கிறது. துரத்தியபடி 60 கஜம் ஓடினால் வழியில் பதுங்கியிருக்கும் இரண்டாவது, மூன்றாவது பறவையையும் கிளப்பிவிடும். உட்கார்ந்த நாய் பறவை விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்கிறது, அது எடுத்துவரும்போது உதவும்.

#9 நீள்காது

போட்டிகளில் எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள்? காக்கர் ஸ்பேனியலுக்கும் இதே அளவுகோல்தானா?

#10 கடைசிப்பீட்

பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப்பின் விதிகள்படி. ஸ்பேனியல்களுக்கான முதல் களப்போட்டி 1899-ல் டெர்பிஷயரில் சட்டன் ஸ்கார்ஸ்டேலில் நடந்தது, வென்றது கிளம்பர் என்ற வகை ஸ்பேனியல். ஸ்பிரிங்கரைத் தனி இனமாக கென்னல் கிளப் ஏற்றது 1902-ல். அதற்கு முன் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை எடை பார்த்துப் பிரித்தார்கள், 25 பவுண்டுக்குக் கீழே காக்கர், மேலே ஸ்பிரிங்கர். இந்த எடை வரம்பு 1901-ல் போனது.

போட்டி நாளில் நடுவர்கள் வலமும் இடமுமாக நடப்பார்கள். ஒற்றைப்படை எண் நாய்கள் முதல் சுற்றில் வலப்பக்க நடுவரிடம், இரட்டைப்படை இடப்பக்கம். அடுத்த சுற்றில் மாறிக்கொள்வார்கள். இரண்டு நாய்கள் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தரைப் பட்டைகளில் தேடும். அடுத்த நாயின் பக்கம் துப்பாக்கி வெடித்தாலும் இது உட்கார வேண்டும். கடைசியில் முன்னணி நாய்களைச் சேர்த்து ஓடவிட்டுப் பாணியைப் பார்ப்பார்கள்.

வெளியேற்றும் குற்றங்கள் தெளிவானவை: சொல்லாமல் எடுக்க ஓடுவது, துரத்துவது, முனகுவது அல்லது குரைப்பது, கடும்வாய் (எடுத்துவரும் பறவையைக் கடித்து நசுக்குவது), கட்டுக்குள் இல்லாமை, தன் பட்டையில் இருந்த பறவையைத் தவறவிட்டுக் கடந்து போவது. கடைசியாகச் சொன்னதில்தான் வேகமான நாய்கள் மாட்டும். இழையின் தொடக்கத்தில் வேகத்தைப் பற்றி வந்தது. மூக்கு தாங்கும் வேகத்துக்கு மேல் போகிற நாய் நடுவர் கண்ணெதிரே தேடி முடித்த தரையிலிருந்து, பின்னால் வருகிறவரின் காலடியில் ஒரு பறவை எழும். அத்தோடு அன்றைய நாள் முடிந்தது.

அமெரிக்காவில் ஸ்பிரிங்கர் களப்போட்டி 1924-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிஷர்ஸ் தீவில் தொடங்கியது. அங்கே ஃபெசன்ட்டைக் கொண்டுவந்து விடுவதே வழக்கம், அதனால் நாய்கள் கொஞ்சம் அகலமாகவும் அடிபட்ட பறவையின் வீழ்ச்சியைத் துல்லியமாகக் குறிப்பவையாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிரிட்டனில் முயலும் முள்ளும் கலந்த தரை, நாய் இறுக்கமாக, குறைந்த இடைவெளியில் தேட வேண்டும்.

காக்கருக்கு விதி ஒன்றேதான், உடம்பு வேறு. வுட்காக் பறவையின் பேரால்தான் அதற்குக் காக்கர் என்று பெயர். முள்ளின் அடியில் நுழைந்து தேடும். கோடு அவ்வளவு ஒழுங்காக இருக்காது, ஒரு திட்டைச் சல்லடையாகச் சலித்துவிட்டுத்தான் நகரும். ஸ்பிரிங்கர் போல அகலமாக வெட்டி ஓடவில்லையே என்று அதைத் திருத்தப் போகாதீர்கள். கிளம்பர் மெதுவாக, தளராமல் வேலை செய்யும். சசெக்ஸ் ஸ்பேனியல் மோப்பத்தில் குரல் கொடுக்கும் இயல்புடையது.

#11 தடம்தேடி

மிகத் தெளிவாக இருக்கிறது. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயலில் நடக்கும் ஒரு சிக்கலையும் கேட்டுவிடுகிறேன். ஃபெசன்ட் பாத்தி வழியாக ஓடுகிறது. நாய் அதன் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு நேராக 40, 50 கஜம் போய்விடுகிறது. குவார்ட்டரிங் அங்கேயே உடைந்துபோகிறது. தடத்தை விடச் சொன்னால் பறவை போச்சு, தொடரவிட்டால் எட்டாத தூரத்தில் எழுகிறது.

#12 வேலியோரம்

தடம் நாயின் உரிமை, தூரம் உங்கள் உரிமை. இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

நாய் தடத்தில் இழுக்கிறது என்று தெரிந்ததும் 20 கஜத்தில் ஒற்றை விசில் ஊதுங்கள். அது உட்காரட்டும். நீங்களும் துப்பாக்கிக்காரர்களும் வேகமாக நடந்து அதன் பக்கம் போய்ச் சேருங்கள். வந்ததும் அதே தடத்தில் மறுபடி விடுங்கள். மறுபடி 20 கஜம், மறுபடி நிறுத்தம். நிறுத்திய இடத்திலிருந்து திரும்பக் கூப்பிடாதீர்கள், அது தடத்தை மறக்கச் சொல்வது. இரண்டு மூன்று நிறுத்தத்தில் பறவை எழும். அப்போது நீங்கள் எல்லோரும் எட்டும் தூரத்தில் இருப்பீர்கள்.

கிழங்கு வயலைப் பாத்தி நீளவாட்டில் நடக்காதீர்கள். குறுக்கே அல்லது கோணலாக நடந்தால் பறவைக்கு நேர்வழி கிடைக்காது. வயலின் கடைசி 30 கஜத்தில் நடையை ஊர்வதாக்குங்கள். ஓடி வந்த பறவைகளெல்லாம் வரப்போரத்தில் ஒன்றாகப் பதுங்கிக் கிடக்கும். அங்கே அவசரப்பட்டால் பத்துப் பறவை ஒன்றாக எழும், ஒன்றுகூடச் சரியாகச் சுட முடியாது.

#13 ஈரமண்

எடுத்துவருவதைப் பற்றியும் சுருக்கமாக. காயம்பட்டு ஓடும் பறவை ஒன்றும் செத்து விழுந்தது ஒன்றும் இருந்தால் முதலில் ஓடுவதற்குத்தான் அனுப்ப வேண்டும். செத்தது அங்கேயே கிடக்கும், ஓடுவது நிமிடத்துக்கு நிமிடம் தூரமாகும், வேதனையிலும் கிடக்கும். விழுந்த இடத்துக்கு நாயைக் கொண்டுபோனதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். நாய் தடத்தில் மூக்கை வைத்த பிறகு விசிலும் கையும் இடைஞ்சல்தான்.

கடும்வாயைச் சோதிக்கும் முறை: பறவை உங்கள் கைக்கு வந்ததும் மார்பு மேலே இருக்கும்படி உள்ளங்கையில் வையுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்க விலாவிலும் வைத்து மெல்லத் தடவுங்கள். விலா வளைந்து விரலை எதிர்த்து நின்றால் நாய் குற்றமற்றது. இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கிச் சப்பையாகக் கிடந்தால் நாய் கடித்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தால் குண்டோ, விழுந்த அடியோ காரணமாக இருக்கலாம். ஒரு பறவையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

#14 முட்புதர்

உடல்நலத்தையும் சொல்லிவிடுகிறேன், இது தேடும் விதத்தையே மாற்றும்.

வேலை முடிந்ததும் வரிசையாகப் பாருங்கள்: கண்ணின் உள் மூலை, காதின் அடிப்பகுதி, அக்குள், விரலிடுக்கு, வயிற்றுப்பகுதி. புல்விதை விரலிடுக்கில் ஏறினால் தோலுக்குள் நகர்ந்துகொண்டே போகும். காது மடல் கனமாகத் தொங்குவதால் உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும், துடைத்து உலர்த்த வேண்டும். குளிர்ந்த நீரில் நீந்திய மறுநாள் வால் அடியிலிருந்தே சோர்ந்து தொங்கினால் முறிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், வால் தசையின் வலி அது. ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும். சரியாகாவிட்டால் மருத்துவர்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கர் கடும் உழைப்புக்குப் பின் துவண்டு, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் நாய்க்குச் சோம்பல் என்று அடிக்காதீர்கள். பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதிக் குறைபாடு இந்த இனத்தில் பரம்பரையாக உண்டு. பலமாக மூச்சு வாங்கும்போது சிவப்பணுக்கள் உடையும். மரபணுச் சோதனை இருக்கிறது. தாய் தகப்பன் இரண்டும் இந்தக் குறையைச் சுமப்பவையாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இணை சேர்க்கும் முன் சோதித்தால் பிரச்சினையே இல்லை.

வால் வெட்டுவது பற்றி இங்கே எப்போதும் சண்டை வரும், சட்டத்தை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலைக்கான ஸ்பேனியல்களுக்கு, ஐந்து நாள் வயதுக்குள், கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யலாம். ஸ்காட்லாந்தில் முழுத்தடை இருந்தது, 2017-ல் ஸ்பேனியல்களுக்கும் நின்று காட்டி எடுத்துவரும் இனங்களுக்கும் நுனியிலிருந்து வாலின் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்ட அனுமதித்தார்கள். முள்ளில் ஓயாமல் ஆடும் வாலின் நுனி கிழிந்து ஆறாமல் போவதுதான் காரணம்.

#15 நீள்காது

கடைசியாக ஒன்று. பருவம் இல்லாத மாதங்களில் பயிற்சியை எங்கே வைத்துக்கொள்வது?

#16 ஒற்றைவிசில்

இங்கிலாந்தில் ஃபெசன்ட் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. வசந்தத்தில் பறவைகள் தரையில் அடைகாக்கும், வேலியோரமும் உயரப் புல்லும் அப்போது கூடாது. மேய்ந்து முடித்த புல்தரையில் டம்மியோடு நிறுத்தம், திருப்பம், எடுத்துவருதல் மூன்றையும் கூர்மையாக்குங்கள். 1 பவுண்டு டம்மி பெரிய நாய்க்கு, அரை பவுண்டு குட்டிக்கு.

கோடையில் அதிகாலையில் மட்டும். புல்லில் பனி காய்ந்து, நாயின் நாக்கு அகன்று தொங்கத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். பருவம் திறந்ததும் முதல் நாளிலேயே பறவை நிறைந்த காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பறவை குறைவான வேலியோரத்தில், சுடுவதற்கு இன்னொருவரை வைத்துக்கொண்டு, உங்கள் கையில் விசில் மட்டும். முதல் ஐந்தாறு பறவைக்கு நாய் உட்கார்ந்த பிறகே அவர் சுடட்டும். உட்காராமல் ஓடினால் பறவையை விட்டுவிட வேண்டும் என்று அவரிடம் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.